‘கோகோ’ படத்தைப் பயந்த பிள்ளைக்குக் காட்டலாமா? எலும்புக்கூட்டை விடுங்கள், பயம் வேறு இடத்தில் இருக்கிறது

பிக்சாரின் ‘கோகோ’ பற்றி என்னிடம் கேட்கிற அம்மாக்கள் எல்லாரும் எலும்புக்கூட்டைப் பற்றித்தான் கேட்கிறார்கள். போஸ்டரிலேயே எலும்புக்கூடு, படம் முழுக்க எலும்புக்கூடுகளின் ஆட்டமும் பாட்டும், அதனால் கேட்பது நியாயம்தான். ஆனால் என் சின்னவன், ஆறு வயது, பக்கத்து வீட்டில் டிரில் மெஷின் ஓடினாலே கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறவன், அந்த எலும்புக்கூடுகளைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தான். அவன் பயந்த இடங்கள் வேறு. அவை போஸ்டரில் இல்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது. கதையை முழுக்கச் சொல்லப் போகிறேன், பெற்றோருக்காக எழுதும்போது வேறு வழியில்லை. இன்னும் பார்க்கவில்லை, கதை தெரியக்கூடாது என்றால் பார்த்துவிட்டு வாருங்கள்.

முதலில் அடிப்படை விவரம். 2017-இல் வந்த படம், லீ அன்க்ரிச் இயக்கியது, 105 நிமிடம். சிறந்த அனிமேஷன் படம், சிறந்த பாடல் என்று இரண்டு ஆஸ்கர். டிஸ்னி பிளஸ் 2022 மே மாதம் தென்னாப்பிரிக்காவுக்கு வந்ததிலிருந்து வீட்டிலேயே பார்க்க முடிகிறது. இந்த மாதிரிப் பிள்ளைக்கு அது பெரிய வசதி, காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

வயதுக் குறியீடு பற்றி ஒரு வார்த்தை. இங்கே தென்னாப்பிரிக்காவில் படங்களுக்கு வயதுக் குறியீடு கொடுக்கும் எஃப்.பி.பி. வாரியம் ஏ (எல்லாருக்கும்), பி.ஜி. (பெரியவர் துணையோடு), 7-9 பி.ஜி., 10-12 பி.ஜி., அதற்கு மேல் 13, 16, 18 என்று பிரித்து வைத்திருக்கிறது. 7-9 பி.ஜி. என்றால் ஏழு வயதுக்குக் கீழே வேண்டாம், ஏழிலிருந்து ஒன்பது வரை பெரியவர் கூட இருக்க வேண்டும் என்று பொருள். பக்கத்தில் வன்முறை, திகில் என்று எழுத்துகளும் போடுகிறார்கள். நல்ல ஏற்பாடு, நான் பார்க்காமல் விடுவதில்லை. ஆனால் அது பொதுவாக எல்லாப் பிள்ளைகளுக்கும் போடுகிற எண். பேயைப் பார்த்தால் பயப்படாமல், யாராவது குரலை உயர்த்தினால் நடுங்குகிற பிள்ளைக்கு எந்த எழுத்தும் கிடையாது. நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

கதை இதுதான். மெக்ஸிகோவில் செருப்புத் தைக்கிற குடும்பம். பாட்டுக்காக வீட்டை விட்டுப் போன கொள்ளுப்பாட்டியின் அப்பா மேல் இருந்த கோபத்தில் அந்த வீட்டில் சங்கீதமே கூடாது என்று சட்டம். பன்னிரண்டு வயது மிகேலுக்குப் பாட வேண்டும். இறந்தவர்களுக்கான பண்டிகை நாளில், செத்துப்போன பெரிய பாடகர் ஒருவரின் சமாதியில் இருக்கும் கிதாரை எடுத்து மீட்டுகிறான், அவ்வளவுதான், உயிரோடு இருப்பவர் கண்ணுக்கு அவன் தெரியாமல் போய் இறந்தவர்களின் உலகத்துக்குள் மாட்டிக்கொள்கிறான். விடிவதற்குள் குடும்பத்தில் யாராவது ஆசீர்வாதம் கொடுத்து அனுப்பாவிட்டால் அங்கேயேதான்.

இப்போது பயங்களுக்கு வருகிறேன். முதலாவது, ஆவி உலகம் வருவதற்கு ரொம்ப முன்னாலேயே இருக்கிறது. மிகேலின் பாட்டி. இந்தப் பாட்டி செருப்பைக் கழற்றி ஓங்குகிற காட்சிகளுக்கு எங்கள் வீட்டில் ஒரே சிரிப்பு, டர்பனின் சாட்ஸ்வர்த்தில் பிறந்து வளர்ந்த என் வீட்டுக்காரர் “இது எங்க ஆயாதான்” என்று சத்தியம் செய்தார். ஆனால் கொஞ்ச நேரத்தில் அதே பாட்டி, பையன் யாருக்கும் தெரியாமல் பரணில் உட்கார்ந்து தானே செய்து வைத்திருந்த கிதாரைப் பிடுங்கித் தரையில் ஓங்கி அடித்து உடைக்கிறாள். வீட்டில் எல்லாரும் சுற்றி நிற்கிறார்கள், ஒருவரும் தடுக்கவில்லை. படத்தில் பேய் பூதம் எதுவும் வராத இந்த இடத்தில்தான் சின்னவன் குஷனுக்குப் பின்னால் முகத்தை மறைத்தான். அப்புறம் கேட்டான், “நம்ம ஆயாவும் கோபம் வந்தா அப்படிச் செய்வாங்களா?”

யோசித்தால் இது எவ்வளவு சரி. பூதம் என்பது அவனுக்குத் தெரியாத ஆள், வந்தாலும் வராவிட்டாலும் அவன் வாழ்க்கை அப்படியே இருக்கும். சோறு ஊட்டுகிற பாட்டியின் முகம் ஒரு நொடியில் மாறினால் அவன் எங்கே போவான்? சத்தத்துக்குக் கூசுகிற பிள்ளை, வீட்டில் சண்டை பார்த்த பிள்ளை, வாத்தியார் அதட்டினாலே கண் கலங்குகிற பிள்ளை, இவர்களுக்கு இந்தப் படத்திலேயே கஷ்டமான காட்சி இதுதான் என்பது என் கணக்கு. நல்ல வேளையாக இதைத் தாண்டிவிடுவது எளிது. ரிமோட்டை எடுத்துத் தள்ளிவிட்டு, “பாட்டிக்குக் கோபம், கிதார் உடைஞ்சு போச்சு, கடைசியில் அவங்களே சமாதானம் ஆகி அவன் பாட்டைக் கேட்பாங்க” என்று சொல்லிவிட்டால் கதைக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

இனி எலும்புக்கூடுகள். பிக்சார் ஆட்கள் மண்டை ஓட்டுக்குள் கண் வைத்திருக்கிறார்கள், அதுதான் சூட்சுமம். வெறும் குழியாக விட்டிருந்தால் கதையே வேறு. கண், புருவம், தலைமுடி, தொப்பி, பூப்போட்ட கவுன் எல்லாம் இருக்கிறது, கை கழன்று விழுந்தால் எடுத்து மாட்டிக்கொள்கிறார்கள். அந்த உலகமும் இருட்டு இல்லை, தீபாவளிக்குச் சீரியல் பல்பு போட்ட தெரு மாதிரி மின்னுகிறது.

அதோடு இன்னொன்று. டர்பன் தமிழ் வீட்டுப் பிள்ளைக்கு இந்தப் படத்தில் பாதிக்கு விளக்கமே தேவைப்படவில்லை. இரண்டு உலகத்துக்கும் நடுவில் இருக்கும் பாலம் முழுக்கச் செண்டுமல்லி இதழ். எங்கள் வீட்டுச் சுவரில் மாலை போட்டு மாட்டியிருக்கும் தாத்தா படத்திலும் அதே பூ. புரட்டாசி விரதம், தீபாவளிக்கு முந்தின ராத்திரி வாழை இலை போட்டு இறந்தவர்களுக்குப் பிடித்ததை வைப்பது, தாத்தாவுக்கு மட்டன் கறியும் ஒரு சின்ன கிளாஸ் பிராந்தியும், இதெல்லாம் பார்த்து வளர்ந்தவர்கள். மெக்ஸிகோக்காரர்கள் போட்டோவுக்கு முன்னால் சாப்பாடும் மெழுகுவத்தியும் வைத்ததும் பெரியவள் (பத்து வயது) நிமிர்ந்து உட்கார்ந்து, “அம்மா, அவங்களும் படையல் போடுறாங்க” என்றாள். அவ்வளவுதான், செத்தவர்கள் சாப்பிட வருவார்கள் என்பது பயமான விஷயமே இல்லை என்று ஆகிவிட்டது. இந்தப் பழக்கம் இல்லாத வீடுகளில், முன்கூட்டியே ஐந்து நிமிடம் பேசிவிட்டு உட்கார்வது நல்லது.

எது பயம் என்பது காட்சியை விடக் கூட இருக்கிறவர்களைப் பொறுத்தது என்பதைக் காவடியில் பார்க்கலாம். தைப்பூசத்துக்குக் கோவிலில் நாக்கிலும் கன்னத்திலும் வேல் குத்திக்கொண்டு, முதுகில் கொக்கி மாட்டி வருகிறவர்களை என் சின்னவன் அப்பா தோளில் உட்கார்ந்து நிம்மதியாகப் பார்க்கிறான். டிரில் மெஷினுக்கு ஓடுகிற அதே பிள்ளை. சுற்றி எல்லாரும் அரோகரா சொல்கிறார்கள், தெரிந்த அண்ணன் ஒருவர் காவடி எடுக்கிறார், பெரியவர்கள் யார் முகத்திலும் பயம் இல்லை. அதே காட்சியைத் தனியாக ஒரு டேப்லெட்டில் பார்த்தால் அன்று ராத்திரி யாரும் தூங்கியிருக்க மாட்டோம்.

மூன்றாவது விஷயம் கொஞ்சம் நுணுக்கம். நேரம் ஆக ஆக மிகேலின் விரல் ஒவ்வொன்றாக எலும்பாக மாறிக்கொண்டே வருகிறது. நமக்கு அது வெறும் கெடுவைக் காட்டுகிற உத்தி. சின்னவன் தன் விரலைத் தடவிப் பார்க்க ஆரம்பித்துவிட்டான். பிள்ளைகளும் திரைப் பயமும் பற்றி ரொம்ப காலம் ஆராய்ச்சி செய்தவர் அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஜோஆன் கேன்டர். ஹல்க் டிவி தொடரை வைத்து அவர்கள் பார்த்ததில், பள்ளிக்குப் போகாத சின்னப் பிள்ளைகள் ரொம்பப் பயந்தது சாதாரண மனுஷன் பச்சைப் பூதமாக மாறுகிற இடத்தில். அந்தப் பூதம் நல்லவன், காப்பாற்றத்தான் வருகிறான் என்பதெல்லாம் அவர்களுக்கு எட்டவில்லை. தெரிந்த உருவம் கண் முன்னால் வேறாக மாறுகிறது, அதுதான் பயம். பெரிய பிள்ளைகளுக்கு உருவம் அவ்வளவு பொருட்டில்லை, அர்த்தம்தான் பயம். என் வீட்டில் இரண்டும் ஒரே சோபாவில் உட்கார்ந்திருந்தது.

அந்த அர்த்தத்தின் பயம் படத்தின் நடுவாக்கில் வருகிறது. மிகேலுக்கு உதவுகிற ஹெக்டர், மறக்கப்பட்டவர்கள் வாழ்கிற குடிசைப் பகுதிக்கு அவனைக் கூட்டிப்போகிறான். அங்கே சிச்சரோன் என்று ஒரு கிழவர், ஊஞ்சல் படுக்கையில் கிடக்கிறார். ஹெக்டர் அவருக்காக ஒரு பாட்டுப் பாடுகிறான், பாட்டு முடிந்ததும் அவர் மெல்ல ஒளிர்ந்து பொடியாகி இல்லாமல் போகிறார். உயிரோடு இருப்பவர்களில் அவரை நினைக்க ஒருத்தர்கூட மிச்சமில்லை, அதனால் செத்தவரும் இரண்டாம் முறை போய்விட்டார். ரத்தம் இல்லை, சத்தம் இல்லை, இசைகூடத் தாலாட்டு மாதிரிதான். வாரியம் இதற்கு என்ன எழுத்துப் போடும்? எங்கள் வீட்டில் மூன்று நாளைக்குப் பேச்சு இதைப் பற்றியே இருந்தது என்று சொன்னால் நம்புங்கள்.

பெரியவளின் கேள்வி நேராக நம் குடும்பத்துக்கு வந்து நின்றது. இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாக இங்கே வரத் தொடங்கிய 1860 பற்றிப் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறாள், நவம்பர் 16-ஆம் தேதி மெட்ராஸிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பனுக்கு வந்தது, 1911 வரை ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் நேட்டாலுக்குக் கொண்டுவரப்பட்டார்கள் என்பதெல்லாம். என் வீட்டுக்காரரின் முன்னோர்களும் அந்தக் கணக்கில்தான். கப்பல் பட்டியலில் எண் இருக்கிறது, பெயர், அப்பா பெயர், வயது, ஊர், உயரம், உடம்பில் என்ன தழும்பு என்பதுவரை வெள்ளைக்காரன் எழுதி வைத்திருக்கிறான். போட்டோ கிடையாது. “போட்டோ இல்லாதவங்க எல்லாம் அந்தத் தாத்தா மாதிரி பொடியாப் போயிட்டாங்களா?” என்று கேட்டாள். நான் திணறிக்கொண்டிருந்தபோது மாமியார் அடுப்படியிலிருந்தே, “பேர் தெரிஞ்சவங்களுக்கு மட்டுமா இலை போடுறோம்? தெரியாதவங்களுக்கும் சேர்த்துத்தான் கூப்பிடுறோம்” என்றார். அவள் சமாதானம் ஆனாள். நான்தான் அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் வேறு எதையும் கவனிக்கவில்லை.

ஒன்று கவனிக்க வேண்டும். படத்தில் இரண்டு விதி இருக்கிறது, பிள்ளைகள் கலந்துவிடுகிறார்கள். படையலில் போட்டோ இருந்தால்தான் பாலத்தைத் தாண்டி வர முடியும் என்பது ஒன்று. நேரில் தெரிந்தவர்கள் யாரும் நினைக்காவிட்டால் மறைந்துவிடுவார்கள் என்பது இன்னொன்று. முதலாவதைக் கேட்டுவிட்டு இரண்டாவதாகப் புரிந்துகொள்கிற பிள்ளை, போட்டோ சுவரிலிருந்து கழன்று விழுந்தாலே பதறும். பிரித்துச் சொல்லிவிடுங்கள், கூடவே இது இந்தப் படம் எழுதியவர்களின் விதி, சாமியின் விதி இல்லை என்பதையும்.

வில்லன் விஷயம். மிகேல் எடுத்த கிதார் இருந்த சமாதிக்குச் சொந்தக்காரர், ஊரே கும்பிடுகிற பாடகர் எர்னெஸ்டோதான் தன் நண்பன் ஹெக்டரை விஷம் வைத்துக் கொன்றவன், பாட்டுகளைத் திருடியவன். பழைய நினைவாக அந்தக் காட்சி வருகிறது, சிரித்துக்கொண்டே கிளாஸை உயர்த்துகிறார்கள், வெளியே தெருவில் நடக்கும்போது ஹெக்டர் சுருண்டு விழுகிறான். சின்னவனுக்கு இது புரியவே இல்லை, வயிற்று வலி என்று நினைத்தான். பெரியவளுக்கு இதுதான் உச்சம். நண்பன் என்று சொல்லிக்கொண்டே செய்தான் என்பதை அவளால் தாங்க முடியவில்லை. அதன் பிறகு மிகேலைப் பெரிய பள்ளத்தில் தள்ளிவிடுகிறார்கள், கடைசியில் உயரத்திலிருந்து அவனைத் தூக்கியே எறிகிறான் அந்த ஆள். சிறகு வைத்த பெரிய சிறுத்தை மாதிரி ஒரு பிராணி, பெபிடா, வந்து பிடித்துக்கொள்கிறது. இந்தப் பெபிடா முதலில் துரத்தும்போது பயமாக இருக்கும், நம் கட்சி என்று தெரிந்ததும் செல்லமாகிவிடும். வில்லன் மேல் மணி விழுவது வேடிக்கையாகத்தான் எடுத்திருக்கிறார்கள்.

பள்ளத்தில் கிடக்கிற காட்சியில் எங்களுக்குக் கரண்ட் போனது! முன்பு போல லோட் ஷெட்டிங் இப்போது இல்லை என்றாலும், போகக்கூடாத நேரத்தில் சரியாகப் போகிற திறமை நம் ஊர்க் கரண்டுக்கு உண்டு. பையன் பள்ளத்தில், வீடு இருட்டில். இந்த மாதிரிப் பிள்ளைக்குப் பாதியில் நின்ற படம் முழுப் படத்தை விட மோசம். மெழுகுவத்தி வெளிச்சத்தில் மிச்சக் கதையை நானே சொல்லி முடித்தேன், மிகேல் கூடவே வரும் நாயும் பெபிடாவும் வந்து காப்பாற்றும் இடம்வரை விடவில்லை அவன். இன்வெர்ட்டர் இருந்தால் சார்ஜ் போட்டு வையுங்கள்.

முடிவு பற்றி. மிகேல் திரும்பி வந்து, ஞாபகம் போய்க்கொண்டிருக்கும் கொள்ளுப்பாட்டி கோகோவுக்கு அவள் அப்பாவின், அதாவது ஹெக்டரின், பாட்டைப் பாடுகிறான். இங்கே அழாத பெரியவர்களை நான் பார்த்ததில்லை. பிள்ளைகள் அழ மாட்டார்கள், நாம் அழுவதைப் பார்த்துத்தான் பயப்படுவார்கள். “அம்மா இந்த இடத்தில் அழுவேன், நல்ல அழுகைதான்” என்று முதலிலேயே சொல்லி வைத்தேன், பலித்தது. ஒரு வருஷம் கழித்து வரும் கடைசிக் காட்சியில் கோகோவின் போட்டோவும் படையலில் இருக்கிறது. வாயால் யாரும் சொல்வதில்லை, கவனிக்கிற பிள்ளை கவனிக்கும்.

நடுவில் ஒரு ஆதங்கம். ‘லயன் கிங்’ என்றால் இங்கே யாரும் இப்படி விசாரிப்பதே இல்லை. நம்ம படம், சொவெட்டோவில் பிறந்த லெபோ எம் குரலில் ஜூலுப் பாட்டோடு தொடங்குகிறது என்ற பெருமையில் மூன்று வயதிலேயே போட்டுவிடுகிறோம். அப்பா சிங்கம் மிதிபட்டுச் சாகிறது, குட்டி பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டு எழுப்பப் பார்க்கிறது, அதுவும் உன்னால்தான் செத்தார் என்று சித்தப்பாவே குட்டியிடம் சொல்கிறார். என்னைக் கேட்டால் பயந்த பிள்ளைக்கு ‘கோகோ’வை விட அது பல மடங்கு கடினம். அழகான விலங்குகள் என்றால் பயமில்லை, எலும்புக்கூடு என்றால் பயம் என்று முடிவு செய்வது நாம்தான்.

எப்படிப் பார்ப்பது என்றால், பகலில், திரைச்சீலை திறந்து, சத்தத்தைக் குறைத்து. ரிமோட்டைப் பிள்ளை கையிலேயே கொடுங்கள், தானே நிறுத்தலாம் என்று தெரிந்தால் பாதி நேரம் நிறுத்தவே மாட்டார்கள். தியேட்டரில் இந்த வசதி இல்லை, அங்கே சத்தமும் நம் கையில் இல்லை. கதையின் முடிவை முன்னாலேயே சொல்லிவிடுங்கள், இந்தப் பிள்ளைகளுக்கு சஸ்பென்ஸ் ருசிக்காது. “இது நிஜம் இல்லை, கார்ட்டூன்தான்” என்பது ஒன்பது பத்து வயதுக்கு வேலை செய்யும், நாலு ஐந்து வயதுக்குச் செய்யாது, கேன்டரின் ஆராய்ச்சியும் அதைத்தான் சொல்கிறது. சின்னதுகளுக்கு மடி, போர்வை, கையில் கடிக்க ஒரு ரஸ்க். வேறு படங்களுக்கு நேரம் இல்லாதவர்கள் ‘டஸ் தி டாக் டை’ என்ற தளத்தில் தேடினால் நாய் சாகுமா, அப்பா அம்மா சாவார்களா என்று வரி வரியாக இருக்கிறது.

என் தீர்ப்பு: உருவத்துக்குப் பயப்படுகிற பிள்ளை என்றால் ஐந்தரை ஆறு வயதிலேயே, பக்கத்தில் உட்கார்ந்து காட்டலாம். கத்தலுக்குப் பயப்படுகிற பிள்ளைக்குக் கிதார் காட்சியைத் தள்ளிவிட்டுக் காட்டலாம். எதையும் பத்து நாள் மனதில் போட்டு அரைக்கிற பிள்ளைக்கு ஏழு எட்டு ஆகட்டும், அதுவும் மறுநாள் ஸ்கூல் இல்லாத நாளாகப் பார்த்து, கேள்வி கேட்க நேரம் இருக்கும். படமாகச் சொன்னால் அருமையான படம், அதில் சந்தேகமே இல்லை.

வீட்டில் சமீபத்தில் சாவு நடந்திருந்தால்தான் நான் தயங்குவேன். டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸில் இருக்கும் என் நாத்தனார் போன வாரம் போன் செய்தாள். அவள் மாமியார் தவறி இன்னும் வருஷத் திதி வரவில்லை, எட்டு வயதுப் பெண் ராத்திரியில் ஆயாவைக் கேட்டு அழுகிறாள், இந்தப் படம் காட்டினால் ஆறுதலாக இருக்குமா என்று கேட்டாள். சில பிள்ளைகளுக்கு இருக்கலாம். அந்தப் பெண்ணை எனக்குத் தெரியும், ஆயா குரலை மறந்துவிடுவேனோ என்று இப்போதே பயப்படுகிறவள், சிச்சரோன் மறைகிற காட்சியைப் பார்த்தால் தூங்கவே மாட்டாள். திதி முடியட்டும், அது வரைக்கும் ஆயா பேசின வாட்ஸ்அப் வாய்ஸ் நோட் இருந்தால் அதைப் போட்டுக் காட்டு என்று சொல்லியிருக்கிறேன்.